சக்களத்திக் கண்ணாடி

விடிவதற்குள் மரத்தில் ஏறிவிட வேண்டும். வெயில் வந்துவிட்டால் ரிசார்ட்டில் தங்கியிருக்கிறவர்கள் போட்டோ எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் அரிவாளும் ஆளும் படக்கூடாது என்பது ரிஞ்சு முதலாளியின் உத்தரவு. அதனால் மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் நிழல்மரத்துக் கொப்பு வெட்டுவது எப்போதும் பனிக்குள்ளேதான். பட்டை ஊறிப்போய்ப் பாசி வழுக்கும். பெருவிரலை ஊன்றினால் குளிர் எலும்புக்குள் இறங்கும். ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறுகையால் வெட்ட வேண்டும். வெட்டுகிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கீழே நிற்கிறவளின் குரல்தான் அவனுக்குக் கண்.

அதற்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. ரோட்டுக்கு மேலே வெட்டும்போது வளைவில் ஒருத்தி சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேலேயிருந்து நான் குரல் கொடுத்ததும் அவள், "கொப்பு வருது, ஒதுங்கு" என்று ரோட்டைப் பார்த்துக் கத்துவாள். அந்தக் குரலுக்கு ஜீப் நின்றிருக்கிறது, லாரி நின்றிருக்கிறது, ஒருதடவை யானையே நின்றது. யானை நின்றதை மரத்தின் மேலிருந்து பார்த்தவன் நான்.

ரிஞ்சு முதலாளியின் கார் நிற்கவில்லை.

புதுசாக வாங்கிய கரண்டு கார் அது. வருகிற சத்தமே கேட்காது. அன்று துணி பிடித்து நின்றவள் சுருளியம்மாள். பனிக்குள்ளேயிருந்து விளக்கு திடீரென்று வந்ததும் துணியை வீசிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள். அவள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் கொப்பு முக்கால்வாசி அறுந்து, அதன் பாரத்திலேயே முறிந்துகொண்டிருந்தது. கார் நனைந்த சருகில் வழுக்கிக்கொண்டு வந்து சுருளியின் முழங்காலை ரோட்டோரக் கல்கட்டோடு வைத்து நசுக்கியது. அதே நேரத்தில் கொப்பு போய்க் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது.

நான் மரத்திலிருந்து சறுக்கி இறங்கினேன். நெஞ்சுத்தோல் உரிந்தது. ரிஞ்சு கதவைத் திறந்து வந்து முதலில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குத்தான் பேசுகிறான் என்று நினைத்தேன். இன்சூரன்ஸுக்குப் பேசினான். காரை லேசாகப் பின்னுக்கு எடுத்தபோதுதான் சுருளியின் கால் வெளியே வந்தது.

அவளைக் கம்பளியில் போட்டு ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து டிஸ்பென்சரிக்குத் தூக்கினோம். நர்சம்மா கட்டுப் போட்டார். முழங்கால் சில்லு ரெண்டாகப் பொட்டியிருக்கிறது, காலை நீட்டினபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கால் மடங்கவே மடங்காது என்றார். கால் மடங்காதவள் மலைச்சரிவில் கொழுந்து எடுக்க முடியாது. கொழுந்து எடுக்காதவளுக்கு எஸ்டேட் கொடுக்கிற லயத்தில் வீடு கிடையாது. அவளுக்கு வேறு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

மத்தியானம் ரிஞ்சு ஆள் அனுப்பினான். சுருளி தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாகக் கைநாட்டு வைத்தால் உடனே ஜீப் வரும் என்று. அவள் பெயரைக் காலையிலேயே ஆள்கணக்கு எழுதுகிற மஸ்டரிலிருந்து எடுத்தாயிற்று. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லையாம். எஸ்டேட் கேட் அவன் கையில். அவன் சொல்லாமல் ஒரு ஆட்டோ உள்ளே வராது, சுருளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே போகவும் முடியாது. நாங்கள் போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்சுக்காரனையும் உள்ளே யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள்.

சுருளி கைநாட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வலியில் உதட்டைக் கடித்துக் கடித்து உதடு வீங்கியிருந்தது.

நான் சொல்லிப் பார்த்தேன். வைத்துத் தொலை, முதலில் கால் பிழைக்கட்டும் என்றேன்.

"வீட்டுப் படியில விழுந்தேன்னு வச்சா, நாளைக்கு வீடும் இல்ல, படியும் இல்லண்ணே" என்றாள்.



அங்கே கண்ணாடிக்கு நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். காரை அந்த வளைவிலேயே ஓரமாக நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மழை வருமோ என்று அதற்கு மேலே ஒரு கூடாரம் கட்டினார்கள். ராத்திரிக் காவலுக்கு ஒருவன். அந்தக் கண்ணாடி எங்கேயோ வெளிநாட்டில் வார்த்ததாம், வெயில் பட்டால் தானே கறுக்குமாம். அதற்குப் பின்னால் ஒரு கேமரா இருந்ததாம், அதுவும் உடைந்துபோனதாம். உடைந்ததோ, உடைத்தானோ. பம்பர் டு பம்பர் என்று ஒரு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறான், கேமராவுக்கும் அதிலேயே கிடைக்கும் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். இந்த பம்பர் முதல் அந்த பம்பர் வரைக்கும் உள்ளதெல்லாம் சேர்த்தியாம். சுருளியம்மாளின் முழங்கால் பம்பருக்கு வெளியே இருந்தது.

வயசான காலத்தில் மனுசன் எதன் மேல் பொறாமைப்படுவான்? பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளை மேல் படுவான், நல்ல பல் உள்ளவன் மேல் படுவான். நான் ஒரு கண்ணாடி மேல் பொறாமைப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிறு எரிந்தது. என் உடம்பில் இந்த மலை உடைக்காத இடம் கிடையாது. ஒரு நாளும் ஒருத்தனும் தார்ப்பாய் போட்டு மூடியதில்லை.

எனக்கு மட்டும் இல்லை, லயமே அப்படித்தான் இருந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து, புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவதுபோல அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசினார்கள். பேர் வைத்தவள் சுருளிதான். சித்ரா கஞ்சி கொண்டு போனபோது, "என் சக்களத்தி எப்ப வர்றாளாம்?" என்று கேட்டிருக்கிறாள். சித்ரா அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவள், வாய்த்துடுக்கு. அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கக் கண்ணாடிக்குச் சக்களத்தி என்றே பேராகிவிட்டது.

மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார் என்று ரிஞ்சு என்னைக் கூப்பிட்டனுப்பினான். கொப்பு வெட்டியவன் நான், அதனால் கேட்டால் நான்தான் சொல்ல வேண்டும். "காத்து வந்து, கொப்பு விழுந்து, வண்டி அவ்விட சும்மா நின்னு. அத்ரதான் நீ பறயணும், பெரியமுத்து" என்றான். வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது என்று மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். ஓடுகிற கார் ஆளை இடித்தது என்று வந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், அதுதான் அவன் பயம். நான் தலையை ஆட்டினேன். எங்கள் எஸ்டேட்டில் தலையாட்டுவதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. மாடும் ஆட்டும்.

சர்வேயர் ஒரு சின்னப் பெண், ஜின்சி மேடம். காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். கல்கட்டையும் எடுத்தாள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே எதையாவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது என் அனுபவம், அதனால் அவள் சிரித்ததும் நான் வாயை இறுக்கிக்கொண்டேன். மேலே சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனை என் முன்னால் நீட்டி, ரெக்கார்டு ஆகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, சில்லு எங்ஙனெயா பொட்டியது?"

கண்ணாடி எப்படி உடைந்தது என்றுதான் கேட்டிருக்கிறாள், மலையாளத்தில் சில்லு என்றால் கண்ணாடி. இத்தனை காலம் மலையாளத்தோடு புழங்குகிறவன்தான் நான். ஆனால் கார்க் கண்ணாடியை எங்களிடம் எல்லோரும் கிளாஸ் என்றுதான் சொல்வார்கள், ரிஞ்சு உட்பட. சில்லு என்றால் எனக்கு முழங்கால் சில்லுதான். முந்தின நாளிலிருந்து அந்த ஒரு சொல்தான் என் தலைக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. இந்தப் பெண்ணாவது அதைக் கேட்டாளே என்று இறுக்கிய வாயைத் திறந்துவிட்டேன்.

"வண்டி இடிச்சுத்தாம்மா. கல்கட்டோட சேத்து நசுக்கிருச்சு. ரெண்டாப் பொட்டிப்போச்சுன்னு நர்சம்மா சொன்னாங்க."

அவள் விழித்தாள். காரின் சில்லை நர்ஸ் எதற்குப் பார்த்தார் என்று கேட்டாள்.

ரிஞ்சு சட்டென்று குறுக்கே பாய்ந்தான். ஒரு கிழட்டுத் தமிழனின் தப்பைத் திருத்துகிற அவசரம், கூடவே கொஞ்சம் சிரிப்பு. "மேடம், இயாள் பறயுன்னது காரின்றெ சில்லல்ல. மற்றவளுடெ முட்டினெயா. இவர் முட்டினும் சில்லுன்னா பறயுக." காரைப் பற்றி இல்லை, அந்தப் பொம்பளையின் முழங்காலைச் சொல்கிறான், இவர்கள் அதற்கும் சில்லு என்றுதான் சொல்வார்கள் என்று அழகாக விளக்கிவிட்டான்.

விளக்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. போன் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பொம்பளை?" என்று ஜின்சி மேடம் கேட்டாள்.

மேலே கொழுந்து கிள்ளுகிற சத்தம் நின்றுபோனது. அந்தச் சத்தம் நிற்பதை நான் அதிகம் கேட்டதில்லை. கூடையோடு சித்ரா செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எங்க சுருளியக்கா, மேடம். இந்தா, இந்தக் கல்லுலதான். இதே வண்டிதான்."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். ஒருத்தியும் இறங்க மாட்டாள் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். கட்டியிருந்தால் தோற்றிருப்பேன். சுருளி கிடந்த இடத்தை ஒவ்வொருத்தியாக வந்து கையால் காட்டினாள்.

வேலையைப் பார்க்கப் போங்கள், இல்லையென்றால் நாளைக்கு ஒருத்தியும் மஸ்டரில் இருக்க மாட்டீர்கள் என்றான் ரிஞ்சு.

"மஸ்டர்ல பேர் இல்லைன்னா அடிபட்டவளே இல்லைன்னு சொல்வீக" என்றாள் சித்ரா. "அப்ப எல்லாத்தையும் எடுத்துருங்க. யாருமே இல்லாத எஸ்டேட்டுல கொழுந்து தானா வந்து கூடையில விழட்டும்."

ஜின்சி மேடம் போகும்போது இரண்டு விஷயம் சொன்னாள். காற்றில் விழுந்திருந்தாலும் வெட்டி விழுந்திருந்தாலும் கண்ணாடிக்குக் காப்பீடு உண்டு, அதில் தடை ஒன்றும் இல்லை. வண்டி இடித்த ஆளுக்கும் தனியாக இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் அது அவள் வேலை இல்லை, முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், பிறகு கோர்ட். கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன் என்றாள். எழுதுவாளோ, மாட்டாளோ. எனக்கு அதைவிட வேறு ஒன்று வலித்தது. அடிபட்ட ஆளுக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று இத்தனை வருஷத்தில் எங்களுக்கு ஒருத்தனும் சொன்னதில்லை. கண்ணாடிக்கு மட்டும் அது பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் லயத்து முற்றத்தில் கூடினோம். சுருளியின் பேர் மஸ்டரில் திரும்ப ஏற வேண்டும், அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை ஒரு கொழுந்து கிள்ளுவதில்லை. சித்ரா சொன்னாள், எல்லோரும் சரி என்றார்கள். விடிந்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்றேன் நான். விடிந்தது. ஒருவரும் போகவில்லை. செடியில் கொழுந்து முற்ற ஆரம்பித்தது. ரிஞ்சு லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தினான். ஓடையில் மொண்டு குடித்தோம். சித்ராவும் நானும் நடந்தே போய் ஸ்டேஷனில் சொன்னோம். விசாரிக்கிறோம் என்றார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் சக்களத்தி வந்தாள்.

அப்போதும் விடியற்காலைதான், பனிதான். வளைவில் சிவப்புத் துணியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். கேட்டைத் தாண்டி உள்ளே வரப் புதுக் கண்ணாடி ஏற்றிய வேனுக்கு மட்டும் உத்தரவு. வளைவில் விளக்கு தெரிந்தது. துணியைப் பார்த்ததும் வேன் நின்றது.

டிரைவர் இறங்கி வந்தான். பூபதிராஜா என்று பேர், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரன். "ஏனுங்க, வழியில உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டான். கம்பெனி ஆள், முதலாளி பக்கம்தான் பேசுவான் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்ராதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நின்று கேட்டான். பின்கதவைத் திறந்து காட்டினான். உள்ளே தரை முழுக்கத் தடிமனான பஞ்சு மெத்தை, அதன்மேல் போர்வை சுற்றிய கண்ணாடி. சுருளி படுத்திருந்தது சாக்கு.

"எறக்கிட்டா வண்டி சும்மாதானுங்க திரும்பிப் போவுது" என்றான். "காலை நீட்டிப் படுக்கறதுக்கு எடமிருக்குதுங்க."

பங்களாவிலிருந்து ரிஞ்சு வந்துவிட்டான். சாமான் வண்டியில் ஆளை ஏற்றினால் இன்சூரன்ஸ் செல்லாது, வேலை போய்விடும் என்று டிரைவரை மிரட்டினான்.

பூபதிராஜா தலையைச் சொறிந்தான். "கண்ணாடிக்குத்தானுங்க இன்சூரன்ஸு. அதைய ஓட்டிட்டு வர்ற எனக்கே இல்லீங்க. இல்லாத ஆளு இல்லாத ஆளக் கூட்டிட்டுப் போறேன், உடுங்க."

கம்பளியில் சுருளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "அடி ஆத்தி, ராணி மாதிரில்ல வந்திருக்கா" என்றாள். பிறகு, "பத்திரமா எறக்குங்க. ஒரு கீறல் விழுந்தாலும் நம்ம மேலதான் பழி வரும்" என்றாள்.

இறக்கினோம். கொழுந்து கிள்ளுகிற கைகள், கொப்பு வெட்டுகிற கைகள், ஒரு கீறல் விழவில்லை. அவள் முழங்கால் நசுங்கிய அதே கல்கட்டில் கண்ணாடியைப் போர்வையோடு சாய்த்து வைத்தோம். சுருளியை அந்த மெத்தையில் கிடத்தி, காலை நீட்டி, சித்ரா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை மடித்து முட்டுக்கொடுத்தாள். மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சுருளி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வயிற்றெரிச்சல் அப்போதும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

ரிஞ்சு கேட்டுக்குப் போன் செய்தான், மூடு என்றான். கீழே சங்கிலி இழுக்கிற சத்தம் பனிக்குள் கேட்டது.

நாங்கள் வேனுக்கு முன்னால் நடந்தோம். பூபதிராஜா எங்கள் நடைக்கே வண்டியை உருட்டினான். குலுங்கவில்லை. கேட் கண்ணுக்குத் தெரிந்தது, மூடித்தான் இருந்தது. காவல்காரன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே முதலாளி நின்ற பக்கமும் பார்த்தான், எங்களையும் பார்த்தான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மரத்தின் மேலிருந்து குரல் கொடுப்பதுபோல, "கொப்பு வருது" என்றேன்.

"கொப்பு வருது, ஒதுங்கு" என்றாள் சித்ரா. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வேனுக்குள்ளேயிருந்து, துணி பிடித்து நிற்கிறவளின் குரலில், சுருளியம்மாளும் சொன்னாள்.