சிவப்புப் பூட்டு

என் கொழுந்தனுக்கு நான் வைத்த பெயர் பூட்டுசாமி. கடல்நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் சுழன்று மின்சாரம் எடுக்கும் எங்கள் சோதனை இயந்திரத்தைப் பழுதுபார்க்க மூழ்குபவன் அவன். ஒவ்வொரு முறையும் கரையிலுள்ள மின்பெட்டியை அணைத்து, தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான். மின்சாரம் நின்றால் என் அளவுக்கருவிகளும் நின்றுவிடும். அந்த அளவுகளுக்காக மூன்று நாட்டு ஆய்வுக்கூடங்கள் தவம் கிடக்கின்றன.

“இன்னைக்கு ஒரு நாளாவது பூட்டாம போயேன். நான் இருக்கேன்ல, யாரும் தொட மாட்டாங்க” என்று காலையில் கடுகடுத்தேன்.

“சரி அண்ணி” என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

பிற்பகலில் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு காணொளிக் கூட்டம். அந்தப் பக்கத்துப் பொறியாளர், இரண்டு மணிச் சோதனை தயார்தானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் குறுகிய நேரத்தில், மோட்டாரை ஓடவிட்டு இறக்கைகளைச் சுழற்றிப் பார்க்கும் சோதனை அது. மூழ்கும் வேலை நேற்று, சோதனை இன்று என்பது ஏற்பாடு. நேற்றுக் காற்று வலுத்ததால் மூழ்குவதை இன்றைக்குத் தள்ளினேன். இரண்டு மணிக்குத் தானாகச் சுழலும்படி இயந்திரத்துக்குள் போட்டு வைத்த கட்டளையைத் தள்ள மறந்துவிட்டேன். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினேன். ‘தொடர்பு இல்லை’ என்றது திரை. மறுபடியும் அழுத்தினேன். தொடர்பு இல்லை.

அவன் இறங்கியிருந்த படகுக்குப் போன் போட்டேன். “அவனை மேல ஏத்துங்க! உடனே!”

“உடனேன்னா எப்படிம்மா? இறக்கைக்கு நடுவுல பூந்திருக்கான். வெளிய வரவே பத்து நிமிஷமாகும்” என்றார் படகுக்காரர்.

ஓடினேன். மின்பெட்டி அறை படகுத்துறையின் கோடியில் இருந்தது. ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுபோனது. அவன் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது தவிர வேறெதுவும் மண்டைக்குள் இல்லை. இவ்வளவு பயம் எனக்கு என் பிரசவத்தில்கூட வந்ததில்லை.

பெட்டியின் கைப்பிடி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. அதில் சிவப்புப் பூட்டு தொங்கியது.

இயந்திரத்தில் மின்சாரமே இல்லை. அதனால்தான் தொடர்பும் இல்லை. இது புரிந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு மணி தாண்டியும் அதிலிருந்து கையை எடுக்கத் துணிவு வரவில்லை.

அரைமணி கழித்துச் சொட்டச் சொட்ட வந்து நின்றான். என் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தான்.

“பூட்டினது தெரிஞ்சுதான் ஏறச் சொன்னீங்களா அண்ணி? கோச்சுக்காதீங்க. சரின்னு சொல்லிட்டுத்தான் போனேன், என்னமோ மனசு கேக்கல. உங்க அளவுக் கணக்கெல்லாம் போச்சா?”

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினான். வாங்க எனக்குக் கை எழவில்லை.

“நீயே வெச்சுக்கோ” என்றேன். “இப்படி உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”