சேறு படாத சட்டை

கட்டுப்போட்ட முழங்காலின் மேல் கால்சட்டையை இழுத்துவிட நோலனுக்கு இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது. தோள் கவசத்தை மட்டும் அவனே மாட்டிக்கொண்டான். போன சனிக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் எவனோ அவன் கால்மேல் விழுந்ததில் தசைநார் அறுந்துவிட்டது. இன்று கல்லூரியில் அவனுக்குக் கடைசி ஆட்டம். இந்தப் பருவம் முழுக்க ஒன்றில்கூட ஜெயிக்காத அவன் அணிக்கும் கடைசி.

“சீக்கிரம் வாடா நொண்டி,” என்றான் ரீஸ். நான்கு வருஷமாக நோலன் குனிந்து கால்களுக்கிடையே தள்ளும் பந்தைப் பின்னால் நின்று வாங்குபவன். “நீ வந்து பந்தக் குடுத்தாத்தான நாங்க தோக்க ஆரம்பிக்க முடியும்?”

கோச் ப்ரன்னர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “முதல் பந்து மட்டும் உனக்குப்பா. ரீஸ் வாங்கினதும் முட்டி போட்டுடுவான், ஆட்டம் அங்கயே நின்னுடும். நீ வெளிய வந்துடலாம். அவங்க கோச்கிட்டயும் பேசிட்டேன். ஒருத்தனும் உன்னத் தொட மாட்டான்.”

“சரி கோச்.”

காயம்பட்ட கடைசி வருஷக்காரனுக்கு இப்படி ஒரு மரியாதை செய்வது அந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் வழக்கம்தான். போன வருஷம் எதிரணிக்காரன் ஒருவனுக்காக நோலனும் ஒதுங்கி நின்று கை தட்டியிருக்கிறான். நல்ல காரியம் செய்த நிறைவோடு அன்று வயிறாரச் சாப்பிட்டான். அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒருவேளை, நோலன் அதைப் பார்க்கவே இல்லையோ என்னவோ.

இனி நோலனை விளையாடக் கூப்பிட யாரும் இல்லை. கடைசியாக ஒரே ஒருமுறை மோதிவிட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

மைதானம் மழையில் சொதசொதவென்று கிடந்தது. வேலிக்கு அப்பால் அறுவடை முடிந்த சோளக் கொல்லை. எதிரே, சேற்றில் கையூன்றிக் குனிந்திருந்தான் எதிரணிக்காரன் லூதர். நவம்பர்தோறும் ஒருவர் விலாவை ஒருவர் பெயர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

“இடிடா லூதர்,” என்றான் நோலன் மெதுவாக. “எப்பவும் போல.”

“வாய மூடிட்டுப் பந்தக் குடு, கெழவா.”

“கெஞ்சிக் கேக்குறேன்டா.”

லூதர் கையைச் சேற்றில் இன்னும் ஆழமாக ஊன்றினான்.

பந்து பிசகாமல் ரீஸின் கைக்குப் போனது. நோலன் நல்ல காலை அழுத்தி ஊன்றி, தோளைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக் காத்திருந்தான். வந்தது ஒரு கை. தூங்குகிற குழந்தை விழித்துவிடாமல் தொடுவதுபோல் அவன் நெஞ்சில் வந்து படிந்தது.

“என்னால முடியலடா,” என்றான் லூதர்.

அரங்கமே எழுந்து கை தட்டியது. படிக்கட்டில் நோலனின் அம்மா அழுதுகொண்டே அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பிறகு அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். களத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியவர்களின் சட்டைகளில் எண்கூடத் தெரியாத அளவுக்குச் சேறு. அவனுடைய வெள்ளைச் சட்டையில் லூதரின் ஐந்து சேற்று விரல்கள் மட்டும். மழை வலுத்தது. சுண்டுவிரல் கரைந்து வழியத் தொடங்கியது.

“நனையாதடா,” என்று ரீஸ் ஒரு மழைக்கோட்டைத் தூக்கிப் போட்டான்.

நோலன் அதைத் தலைக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்து, சட்டையில் உரசாமல், நெஞ்சுக்கு முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.