பேர் அழிக்க வந்த பேனா

1976 ஆவணி, எமர்ஜென்சிக் காலம். ஒரு முற்பகல். வாளையார் ரோட்டோரம் இருந்த அப்புசாமியின் பேனாப் பட்டறைக்கு ஒருவன் வந்தான். அப்புசாமி பேனா கடையும் எபோனைட் ரப்பர்க் கம்பி வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தான். அவன் மனைவி நாச்சம்மாள் மட்டும் இருந்தாள். கடைசலில் பேனாவைக் கடைவது அவன் வேலை, தேய்த்து மெருகேற்றுவது அவள் வேலை.

வந்தவன் சாதாரணச் சட்டை போட்டிருந்தான். ஆனால் காலில் கிடந்த பூட்ஸைப் பார்த்ததுமே போலீஸ்காரன் என்று தெரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்:

"இதிலே பேரு வெட்டியிருக்கு. அது மாய்ச்சுக் களயணும். பின்னே புதுசு மாதிரி மினுக்கணும். நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

நாச்சம்மாள் பேனாவைத் திருப்பிப் படித்தாள். அப்புசாமியின் கையெழுத்தில், குழலின் நீளத்துக்கு வெட்டியிருந்தது: செங்கோட்டையன்.

பள்ளிக்கூடத்து வாத்தியார். பண்ணையாட்களுக்கு ஏதோ நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார் என்று பத்தொன்பது நாள் முன்பு, சட்டைப்பையில் இந்தப் பேனாவோடு ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அவர் மனைவி மருதாத்தாள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். அப்படி ஓர் ஆளை நாங்கள் கொண்டுவரவே இல்லை, எங்கேயாவது ஓடிப்போயிருப்பான் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊரிலும் பாதிப் பேர் அதை நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றான் அவன். "எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது."

அவன் கண் பேனாவில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

"எனக்கும் எழுத்துத் தெரியாதுங்க சார்" என்றாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். நாச்சம்மாள் தட்டிக்குப் பின்னால் போய், மூடியையும் குழலையும் கழற்றி, குழலில் இருந்த மையைக் கொட்டிக் கழுவினாள். வாத்தியார் கடித்த பல்தடம் குழலின் நுனியில் இருந்தது. தண்ணீர்த் தட்டில் உப்புத்தாளை நனைத்தாள். வெட்டெழுத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் முரட்டுத்தாள். ஒரே இடத்தில் தேய்த்தால் குழி விழும், ஆகவே சுற்றிச் சுற்றி மெல்லத் தேய்க்க வேண்டும். பயத்தில் அவள் முதல் எழுத்துகளின் மேலேயே தாளை ஓட்டினாள். கந்தக வாடை எழும்பியது. தட்டுத் தண்ணீர் மைபோலக் கறுத்தது. துடைத்துப் பார்த்தபோது 'செங்' போயிருந்தது.

'கோட்டையன்' மிச்சம் இருந்தது.

இந்த மனுசன் ஸ்டேஷனில் இருந்தார் என்பதற்கு இந்த உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்று அப்போது அவளுக்கு உறைத்தது. அதைத்தான் தன் கையாலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தாளைக் கீழே வைத்தாள்.

மெருகுக்குக் காத்திருந்த குழல்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒன்றை எடுத்து வாத்தியாரின் பேனாவில் நிப் இருக்கும் கழுத்தில் திருகினாள். பிடிக்கவில்லை. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது கடைசிவரை ஏறியது. பழைய குழலைத் தட்டுத் தண்ணீருக்குள் போட்டாள்.

அந்த நேரம் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் தட்டிக்கு உள்ளே வந்து நின்றான்.

"போச்சா?"

"போயிருச்சுங்க. இனி மெருகுதானுங்க."

புதுக் குழலை வாங்கி விரலால் தடவிப் பார்த்தான். உப்புத்தாள் கோடுகள் தெரிந்தன, எழுத்து இல்லை. பீடிச் சாம்பலைத் தட்டுத் தண்ணீரில் தட்டினான். கரியான விரலைக் கழுவ அதிலேயே கையை விட்டான். குழல் அதற்கு அடியில்தான் கிடந்தது. இரண்டு விரலை நனைத்து உதறிவிட்டு, "வேகம் நோக்கு" என்று திரும்பிப் போனான்.

வெயில் பட்டுப் பழுத்திருந்த மூடி புதுக் குழலோடு நிறம் சேரவில்லை. இரண்டையும் சேர்த்தே நடுத்தாளிலும் நைசுத்தாளிலும் தேய்த்தாள். சலித்த சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் உருட்டித் தேய்த்தாள். கடைசியில் துணிச்சக்கரத்தில் மெழுகு காட்டிப் பிடித்தபோது, கறுப்பில் அவள் முகமே தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு ரூபாயைப் போட்டுவிட்டு, "யாரு கேட்டாலும் நான் வரலை" என்றான்.

மத்தியானம் முருங்கைக்கீரைக் கட்டுக்குள் குழலைச் செருகி மருதாத்தாள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னாள். மருதாத்தாள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பல்தடத்தில் விரல் நின்றது.

"பயத்துல ரெண்டெழுத்த அழிச்சுப்போட்டனுங்க அக்கா. மன்னிச்சுக்குங்க."

"எங்கிருந்து வந்துச்சுன்னு நாஞ் சொல்ல மாட்டேன். ஆனா இதக் காட்டாம இருக்கவும் மாட்டேன். காட்டுனா உன்னத் தேடி வருவாங்க, நாச்சா."

திருப்பி வாங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நாச்சம்மாள் ஒரு கணம் நினைத்தாள்.

"காட்டுங்க" என்றாள் கடைசியில்.

சாயங்காலம் வந்த அப்புசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்தினான்.

"இந்தப் பக்கத்துல பேனாக் கடையின்னா நம்முளுது ஒண்ணுதான், புள்ள. அது தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் நிக்கிற? துணிமணிய எடு."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்த அவள் அக்கா ராமுத்தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள். மருதாத்தாள் குழலை டவுனில் ஒரு வக்கீலிடம் கொடுத்ததும், அவர் மேலிடத்துக்கெல்லாம் தந்தி அடித்ததும், பட்டறைப் பூட்டை யாரோ உடைத்து டப்பாக்களைக் கொட்டிக் கவிழ்த்ததும் பிறகுதான் தெரிந்தது. தந்தி போன பதினோராம் நாள் ஜெயிலிலிருந்து மருதாத்தாளுக்கு ஒரு கார்டு வந்தது. வாத்தியார் அந்த வாரம்தான் கைதானதாகப் பதிவு இருந்தது. பொய்தான். ஆனால் ஆள் உயிரோடு இருந்தார்.

ஆனைக்கரையில் ஏலக்காய் ஏற்ற தினமும் ஜீப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நாச்சம்மாள் பொறுக்கிய காயைப் போட்டுவிட்டுச் செடிகளுக்குள் குனிந்துகொள்வாள். கங்காணி திட்டுவான். காரணம் சொல்ல முடியாது.

எலெக்ஷன் முடிந்து, எழுபத்தேழு சித்திரையில் ஊர் திரும்பினார்கள். அந்தப் போலீஸ்காரனை எங்கேயோ மாற்றிவிட்டிருந்தார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வாத்தியாரைப் பார்த்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. டிக்கெட்டுக்கு நீட்டிய வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. யார் அவள் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற மருதாத்தாள் நகர்ந்து வந்து நாச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.