நேர்த்தி எண்ணெய்

சீதேவிப்பிள்ளை தண்டவாளத்தில் எண்ணெய் பூசி முடித்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இலுப்பெண்ணெய். எருமை நல்லபடி கன்று போட்டால் சித்தாண்டி முருகனுக்கு விளக்கேற்றுவதாக நேர்ந்து வாங்கி வைத்தது. போன கிழமை இதே மேட்டில், வயிற்றுக் கன்றோடு, எருமை கோச்சி ரயிலில் அடிபட்டுச் செத்தது. அதன் தயிரை விற்றுத்தான் அவள் சீவித்தாள்.

அதைக்கூட விதி என்று விட்டிருப்பாள். ட்ரைவர் அருமைநாயகம் அன்றைக்கு இறங்கி வந்ததைத்தான் மறக்க முடியவில்லை. எருமையை அவன் பார்க்கவில்லை. தலையிலடித்துக்கொண்டு நின்ற அவளையும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த துணியை உருவி, இஞ்சினில் பட்ட இரத்தத்தைத் துடைத்தான். சக்கரச் சில்லைத் தடவிப் பார்த்தான். ஏறிப் போய்விட்டான். சீமையில் நடக்கும் யுத்தத்தால் புது இஞ்சின் வராதாம். உடைக்கவேண்டிய கிழட்டு இஞ்சினை அவன்தான் பிள்ளைபோலப் பார்த்து ஓட்டுகிறானாம். ஊரே மெச்சியது.

பனி பெய்த காலைகளில் இந்த மேட்டில் சில்லு வழுக்குவதை அவள் தன் வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

கோச்சி வந்தது. பாதி ஏறியதும் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. இரும்பு அலறியது. அருமைநாயகம் நீராவியை அடைத்துவிட்டுக் குதித்தான். வழுக்கினால் தண்டவாளத்தில் தூவ வைத்திருக்கும் மணல் பெட்டியைத் திறந்தான். மாரி ஈரத்தில் மணல் கட்டிபட்டுக் கிடந்தது. சுற்றிலும் வயல்வட்டைச் சேறு.

"ட்ரைவர் ஐயா, நாங்க இறங்கித் தள்ளவா? இல்லாட்டி உங்கட இஞ்சினைத் தூக்கிப் பெட்டியில வைக்கவா?" ஓட்டமாவடி வியாபாரி ஹமீட் ஜன்னலில் தலையை நீட்டினார். பெட்டி முழுக்கச் சிரித்தது.

அடுப்புச் சாம்பல் நிரப்பிய ஓலைக் கடகத்தோடு மேட்டோரம் நின்ற சீதேவிப்பிள்ளையை அப்போதுதான் அருமைநாயகம் கண்டான்.

"அக்கா, தண்டவாளத்தில தூவ அந்தச் சாம்பலைத் தாங்க. இன்னொருக்காச் சுத்தினா இவள் தாங்கமாட்டாள்."

"ஆரு?"

"இஞ்சின்தான். வயசு போனவள்."

"என்ர எருமை சினைக்காரி."

அவன் கடகத்துக்குக் கை நீட்டினான். அவள் அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அண்டைக்குத் துடைச்ச துணி இரிக்கா? எறிஞ்சிட்டியா?"

இடுப்பிலிருந்து மெல்ல உருவினான். கழுவியும் போகாத கறை அதில் இருந்தது.

"குந்து. அவள் செத்துக் கிடந்த தண்டவாளத்தைத் துடை. மறுகா சாம்பலைப் பாப்பம்."

இஞ்சினைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குந்தினான். துடைத்தான். துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு நிமிர்ந்து, முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தான்.

"இலுப்பெண்ணெய்."

"ஓம். இன்னும் இரிக்கு, துடை."

மழை தூறத் தொடங்கியது. கடகத்தில் துளிகள் விழுந்து சாம்பல் குழிகுழியாக நனைந்தது. அவள் சேலைத்தலைப்பால் அதை மூடவில்லை.