செடியோட ஜலம்

கோவிந்த் நீலக் கேனின் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். பக்கத்தில் பித்தளை வாளியோடு அம்மிணி அத்தை தயாராக நின்றாள். கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த வெங்கிடராமனைக் குளிப்பாட்ட வேண்டும். சடங்குக்கு வந்த வாத்தியார், நேரமாகிறது என்று சொல்லாமல், இரண்டு முறை இருமிக் காட்டிவிட்டார்.

"அதத் தொடாதே," என்றாள் ஜெயலக்ஷ்மி.

அடுக்களை வாசலிலிருந்து வந்த அந்தக் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. புருஷன் போன பிறகு அத்தனை பேர் முன்னால் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். முதலில் அழுகைதான் வரும் என்று காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா? இது நல்ல ஜலம்தானே?"

"இருக்கட்டும். மூடு."

கடலும் காயலும் சூழ்ந்த மட்டாஞ்சேரியில் தண்ணீருக்கு என்ன குறை? எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் தண்ணீர்தான். வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். கொல்லைக் கிணற்றிலும் உப்பு. துணி அலசலாம், முற்றம் கழுவலாம். எங்கோ குழாய் உடைந்து, தெரு முழுக்க டாங்கர் லாரிக்காகக் காத்துக்கிடந்தது. லாரி சாயங்காலம்தான் வருமாம். முன்தினம் பிடித்ததில் வந்தவர்கள் குடிக்கத்தான் மிச்சமிருந்தது. ஆக, ஒரு மனிதனைக் குளிப்பாட்டப் போதுமான உப்பில்லாத தண்ணீர் அந்த வீட்டில் அந்தக் கேனில் மட்டும்தான் இருந்தது. துலாவர்ஷமென்ற ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீர். மற்றக் கேன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அடுத்த மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது.

அந்தத் தண்ணீர் யாருக்கு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கிணற்றடி நிழலில் மூன்று தொட்டிகள் இருந்தன. காசித்தும்பையின் ஏழைச் சொந்தக்காரி மாதிரி, நீர் கோத்த தண்டும் சாண் உயரமுமாக மூன்றிலும் ஒரே வகைச் செடி. அதன் லத்தீன் பெயர் ஜெயலக்ஷ்மியின் வாயில் நுழையவில்லை. அவள் வைத்த பெயர் 'இளையாள்'. மூத்தவள் தான்தான் என்பதை அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாத செடி. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ பறித்து அழுத்தி அனுப்பிய காய்ந்த கிளை ஒன்று சீமையில் இருந்ததாம். காலேஜில் பாட்டனி சொல்லிக்கொடுத்த வெங்கிடராமன் லீவு நாளெல்லாம் பஸ் ஏறி ஓடை ஓடையாக அலைந்தார். ஓர் ஓணம் லீவில் மலையடிவாரத்து ஓடைக்கரையில், தண்ணீர் தெறிக்கும் பாறை ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். பேப்பரில் படம் வந்தது. படத்தில் செடிதான் இருந்தது; ஓரத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் விழுந்திருந்தது. அந்த விரலைக் காட்டியே ஜெயலக்ஷ்மி தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டாள். பெருமை ஒரு வாரம் தாங்கியது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளை ஓடை எடுத்துக்கொண்டது, அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு ஒரு மழையில் மலை சரிந்து, அந்தப் பாறை மண்ணுக்கடியில் போயிற்று. ஆராய்ச்சித் தோட்டத்தில் வளர்த்த கன்றுகள் அழுகிவிட்டன. மிஞ்சியவை இந்தத் தொட்டிகள்தான். குழாய்த் தண்ணீரின் ப்ளீச்சிங் பவுடர் இதற்கு ஆகாது. காசு கொடுத்து வாங்கின பாட்டில் தண்ணீருக்கும் இலை மஞ்சளித்தது. இப்போது முதல்முறையாகக் காய் பிடித்திருந்தது. காய் முற்றினால் வெடித்து விதையை வீசிவிடும் என்று, ஜெயலக்ஷ்மியின் பழைய மல் புடவையைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் குட்டிப் பை கட்டியாகிவிட்டது. விதை கிடைத்ததும் தோட்டத்திலிருந்து ஸாதனா என்ற பெண் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. சாவுச் செய்தி கேட்டு அவள் காலையில் போன் செய்தாள். செடியைப் பற்றிக் கேட்க நினைத்தது மூச்சிலேயே தெரிந்தது. பாவம், கேட்காமல் வைத்துவிட்டாள்.

"என்னடி ஜெயம், உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்தா?" அம்மிணி வாளியை டணாரென்று வைத்தாள். தம்பிக்காக ஏலூரிலிருந்து அழுதுகொண்டே வந்தவள். "நீதானே அந்தச் செடிய சபிச்சிண்டு நடந்தே? இன்னிக்கு என்ன அதுமேல பிரியம்?"

"பிரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பின்னே என் தம்பிய உப்பு ஜலத்துலயா குளிப்பாட்டச் சொல்றே?"

"அம்மா, ப்ளீஸ்," என்றான் கோவிந்த். கிடைத்த விமானத்தில் பெங்களூரிலிருந்து வந்தவன். கசங்கிய சட்டை, சிவந்த கண். "அப்பாவுக்குக் கடைசியாச் செய்யறது. ஒரு செடிக்காகவா?"

"அது அப்பாவோட ஜலம் இல்லடா. செடியோட ஜலமாக்கும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. இதே மாதிரி குழாய் நின்றுபோன ஒரு கோடையில், கல்யாணத்துக்குப் போகத் தலைக்குக் குளிக்கலாமென்று அவள் இந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டாள். அவர் சொம்பை மெதுவாக வாங்கிக் கேனிலேயே திரும்ப ஊற்றினார். "அது நம்ம ஜலம் இல்ல ஜெயம், செடியோட ஜலம்." உப்பில் பிசுபிசுத்த தலையோடுதான் அந்தக் கல்யாணத்துக்குப் போனாள். அந்தக் கோபம் ஆறவே இல்லை. இன்றைக்கும் உள்ளே எங்கோ கிடந்தது.

அம்மிணி விடவில்லை. "போகட்டும். கடைசில அவன் வாயில ஒரு சொட்டு ஜலமாவது விட்டியோ?"



பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. இடது கையில் அந்த ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசையும். தினமும் விடிந்ததும் அந்த விரல் கொல்லைக் கதவுப் பக்கம் எழும்பும். செடிக்குத் தண்ணீர் விட்டாயா என்று அர்த்தம். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய் விட்டுவிட்டு வருவாள். இன்றைக்கும் விரல் எழும்பியது. "ஆச்சு, ஆச்சு. இளையாளுக்கு விட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். தொட்டியில் வைத்த கல்லில் விழுந்து சொட்டுச் சொட்டாய் இறங்கும்படி நிதானமாக விட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது விரல் மடங்கிக் கிடந்தது, மூச்சு இல்லை.

கட்டிலுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில்தான் ஸ்டூல். ஸ்டூலின்மேல் அவர் குடிக்கிற டம்ளர்.

விரல் கதவைக் காட்டியதா, டம்ளரைக் காட்டியதா? காலையிலிருந்து அவளை விடாமல் துரத்தியது இது ஒன்றுதான். கதவைக் காட்டியதென்றால், அந்தக் கேனைத் தொட யாருக்கும் உரிமையில்லை. டம்ளரைக் காட்டியதென்றால், தொண்டை வறண்டு போன மனிதனின் தலையில் இனி எத்தனை கேனைக் கவிழ்த்து என்ன ஆகப்போகிறது? இதை அம்மிணியிடம் எப்படிச் சொல்வது? மகனிடம்தான் எப்படிச் சொல்வது?

அவள் போய்க் கேனை மூடினாள். பிறகு கிணற்றடிக்குப் போய், தானே வாளியை இறக்கி இறைக்க ஆரம்பித்தாள். கோவிந்த் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமலே இறைத்தான்.

உப்புத் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள். காய்ந்ததும் புருவத்தில் லேசாக வெள்ளை படிந்தது. நெற்றியில் விபூதியைக் குழைத்துப் பூசியதும் மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்தது. அந்தப் புருவத்தை முந்தானையால் துடைத்துவிடக் கை பரபரத்தது, அத்தனை பேர் முன்னால் துடைக்கவில்லை. வாய்க்கரிசி போடும்போதுதான் தன் விரலை இரண்டு நொடி அந்தப் புருவத்தில் வைத்தாள். பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பிச் சற்று நேரத்துக்கெல்லாம் டாங்கர் லாரி வந்தது. குடங்களின் சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டு நபீஸா தன் குடத்தை விட்டுவிட்டு முதலில் இவர்கள் குடத்தை நிறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு பிளாஸ்க்கில் பால் விடாத கட்டன் சாயா. "கொறச்சு குடிக்கு, சேச்சி," என்று கொஞ்சமாவது குடிக்கச் சொல்லித் தோளைத் தொட்டாள். ததும்பிய அந்தக் குடத்தைப் பார்த்து அம்மிணி மறுபடியும் ஓவென்று அழுதாள்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அன்று சாயங்காலம் அம்மிணி சொல்லாமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை.

மறுநாள் காலையில் கோவிந்தும் வாத்தியாரும் அஸ்தி எடுக்கப் போனார்கள். வீட்டில் ஒருத்தரும் இல்லை. விழித்ததும் அவள் பார்த்தது கட்டில் இருந்த இடத்தைத்தான். கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். தரையில் அதன் கால் பதிந்த தழும்புகள் மட்டும் இருந்தன. போ என்று காட்ட விரல் இல்லை.  தானாகவே எழுந்து கொல்லைக்குப் போனாள்.

கேனிலிருந்து மொண்டு, கல்லின்மேல் நிதானமாக விட்டாள். இரண்டாவது தொட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தபோது, மல் பைகளில் ஒன்று யாரோ உள்ளிருந்து சுண்டின மாதிரி துள்ளியது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். அப்புறம் குனிந்து முடிச்சை அவிழ்த்து, பையை உள்ளங்கையில் உதறினாள். சுருண்ட காய்த்தோலும், கடுகைவிடச் சின்னதாய்ச் சில விதைகளும் விழுந்தன.

"ஏன்னா..." என்று அவரைக் கூப்பிட்டபடியே உள்ளே வந்துவிட்டாள்.

கூடத்துக்கு வந்த பிறகும் கால் நிற்கவில்லை. கட்டில் கால் தழும்புகளுக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது. படுத்திருக்கிறவரின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்துக்கு லேசாகக் குனிந்து, கையை நீட்டினாள். விதைகள் சிந்திவிடாமல் விரல்களைக் கொஞ்சம் மடக்கி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.