நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கிர்ஸ்டி கோட்டுப் பையிலிருந்து ஏழு அட்டைகளையும் எடுத்து, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் ஃபெரியரிடம் நீட்டினாள். சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு. யாருக்கு எந்தக் கயிறு என்று அட்டையில் அச்சடித்து முன்கூட்டியே அனுப்புவது வழக்கம். முதல் கயிறு அவளுடையது. மற்ற ஏழும் திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண்.

"என்னம்மா இது, லாட்டரியா?"

"அப்பா புஸ்தகத்தோட பக்கம்."

அவள் அப்பா ஹெக்டர் கார்ஸ்வெல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதினார். ஆற்றின் வளைவுகளையும் சால்மன் மீன்கள் எதிர்நீச்சலில் ஏறும் நாட்களையும் நன்றாகவே எழுதினார். மனிதர்கள் வந்த இடங்களில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மூன்றையும் தட்டச்சு செய்தவள் கிர்ஸ்டி.

"என் பசங்களே இறக்கிடுவாங்க," என்றார் ஃபெரியர்.

"வேண்டாம். ஊர்க்காரங்கதான் இறக்கணும்னு அப்பா கேட்டாரு. கடைசியா பேசினதே அதுதான்."

ஊர்க்காரர்கள் வந்துதான் இருந்தார்கள். கறுப்பு டை கட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, பொருட்காட்சி பார்ப்பவர்களைப் போல நின்றார்கள். அவள் சுவரருகே போனாள்.

"பக்கம் எண்பத்தி நாலு," என்றான் ஆடு மேய்க்கும் ஈவன். "எங்க பரம்பரையே கஞ்சப் பரம்பரைன்னு எழுதினாரு. கயித்தைப் பிடிச்சா கை தேஞ்சிருமே, கிர்ஸ்டி."

இரண்டு பேர் சிரித்தார்கள். மர்டோ ரேட்டரே சிரிக்கவில்லை.

"என்னுது நூத்திப் பன்னிரண்டு," என்றார். "பாலம் விரிசல் விட்டதைப் பாத்தும் எங்கம்மா யார்கிட்டயும் சொல்லலையாம். தபால்காரன் ஆத்தோட போனது அவளாலதானாம். அது அச்சுல வந்தப்புறம் சாகற வரைக்கும் அவ சர்ச்சுக்கே போகலை."

"தெரியும்."

"தெரியாம என்ன? டைப் அடிச்சவ நீதானே. அது நிஜமா? இவங்க முன்னாடி சொல்லு. அப்புறம் கயித்தைப் பத்திப் பேசலாம்."

கிர்ஸ்டி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா முதல் முறையாகக் குறுக்கே பேசவில்லை.

"உங்கம்மா வந்தாங்க," என்றாள். "மழையில தொப்பலா நனைஞ்சு. நான்தான் கதவைத் திறந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. பாலத்துல யாரையும் விட வேண்டாம், போன் பண்ணிச் சொல்லுங்கன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. அப்ப இங்க எங்க வீட்லதான் போன் இருந்தது. அவரு எழுதிட்டிருந்தாரு. இந்தப் பாராவை முடிச்சுட்டுப் பண்றேன்னாரு."

ஈவன் சிகரெட்டைச் சுவரில் நசுக்கினான்.

மர்டோ கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எனக்கு எது?"

"நாலு."

மற்றவர்களும் வந்தார்கள். பாதிரியார் சொன்னது காற்றில் பாதிதான் கேட்டது. பெட்டி ஒரு பக்கமும் சாயாமல், நேராக, மெதுவாக இறங்கியது. எட்டுப் பேரும் கயிறுகளைக் குழிக்குள் போட்டார்கள். யாரும் எறியவில்லை.

முடிந்ததும் கிர்ஸ்டி வழக்கப்படி கேட்டருகே போய், கை குலுக்குவதற்காக வலது கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். மர்டோ அந்தக் கையைத் தொடாமல் கடந்து போனார். பின்னால் ஈவன். பிறகு மற்றவர்கள். கடைசிக் கார் வளைவில் திரும்பும் வரை நின்றுவிட்டு, அவள் விரல் விரலாகக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.