வாத்து நடை

பயிற்சியாளர் முகாமின் இரண்டாம் நாள் காலையில்தான், அன்றைக்குப் பாடம் எடுக்க வருவது, எல்லாரும் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் குனார்சோ என்று வினார்னிக்குத் தெரிந்தது.

செமாராங் நகரத்துப் பாட்மின்டன் அரங்கில் பல ஊர்களிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்பராவாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும் வினார்னிக்கு மட்டும் நாற்காலி. அவளுடைய வலது முட்டி முழுதாக மடங்காது. பதினேழு வயதில் போனது. அப்போது அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் இதே குனார்சோ.

மனிதர் நரைத்துப் போயிருந்தார். கழுத்தில் விசில் இல்லை. ஒரு காலத்தில் அந்த விசில் கேட்டால் அவள் ஓடிப்போய் வரிசையில் நிற்பாள். இப்போது குரலே இறங்கி, ஆஸ்பத்திரியில் பேசுகிறவர் போலப் பேசினார்.

"பிள்ளைங்க வலிக்குதுன்னு சொன்னா, மொதல்ல நம்புங்க. அப்புறம் கேள்வி கேளுங்க" என்று தொடங்கினார். வலைக்கருகே விழும் பந்துக்குப் பாயும்போது முட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பாதம் எப்படி இறங்க வேண்டும் என்று தானே செய்து காட்டினார். எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வாத்து நடை. குந்தினபடியே கோர்ட்டச் சுத்தி நடக்க வைக்கிறது. இங்க யாராவது இன்னும் பண்றீங்களா?"

சில கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

"இன்னையோட விட்டுடுங்க. வளர்ற முட்டிய அது அரைச்சுப் போட்டுடும்."

இளைஞர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். வினார்னி தன் தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். பந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் அவளை வாத்து மாதிரி நடக்க விட்டவர் அவர். மற்ற பிள்ளைகள் க்வாக் க்வாக் என்று கத்தினால் சிரிப்பார்.

குனார்சோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா. நல்ல கை. ஆனா ஜெயிக்கணுங்கிற வெறி. முட்டி வலிய எங்கிட்ட மறைச்சுட்டா. மாகாணத் தேர்வு ஆட்டத்துல கோர்ட்லயே விழுந்தா. அப்பத்தான் எனக்கே தெரியும். இன்னைக்கும் அதை நெனச்சா தூக்கம் வராது. அதனால சொல்றேன், பிள்ளைங்க மறைக்கும். நீங்கதான் தோண்டிக் கேக்கணும்."

வினார்னி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"பாக், அந்தப் பொண்ணு நான்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "அட, நார்னியா? நம்ம நார்னி!" விறுவிறுவென்று வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அரங்கமே கைதட்டியது. "நீயே சொல்லும்மா. என்னைவிட உன் வாயால கேட்டாத்தான் இவங்களுக்கு உறைக்கும்" என்று மைக்கை நீட்டினார்.

"நான் மறைக்கல, பாக்" என்றாள். "முட்டி பூட்டிக்குது, படி ஏற முடியலன்னு சொன்னேன். 'ஜெபாராவுலேர்ந்து ஒருத்தி உன் இடத்துக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறா, வீட்டுக்குப் போறியா?'ன்னு கேட்டீங்க. தேர்வுக்கு மொத நாள் எங்கம்மாவும் வந்து சொன்னாங்க. 'கச்சோலம் அரைச்சுப் பத்துப் போடுங்க, காலையில சரியாயிடும்'னு அனுப்பிட்டீங்க."

குனார்சோவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீ சின்னப் பொண்ணு அப்ப" என்றார் மெதுவாக. "மனசுக்குள்ள சொன்னதை எங்கிட்டயே சொன்னதா நெனச்சிருப்பே. பயம் அப்படிப் பண்ணும்."

"எங்கம்மாவுக்கு என்ன பயம், பாக்?"

"உங்கம்மா ரொம்ப நல்ல மனுஷி. எப்படி இருக்காங்க?"

"இறந்துட்டாங்க."

"அடடா." அவர் கண் கலங்கியது, நடிப்பில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் நம்ம நார்னியோட அம்மாவுக்காக ஒரு நிமிஷம் பிரார்த்தனை பண்ணுங்க."

தலைகள் கவிழ்ந்தன. உள்ளங்கைகள் விரிந்தன. தாய்க்காகச் செய்யும் பிரார்த்தனையில் அவளால் எப்படிக் குறுக்கே பேச முடியும்? அவளும் தலை குனிந்தாள். நிமிர்ந்தபோது மைக் அவர் கையில் இருந்தது. அடுத்த பாடம் தோள்பட்டை.

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவள் சுவரோரம் தனியே உட்கார்ந்தாள். கெண்டாலிலிருந்து வந்திருந்த தாமர் என்ற இளைஞன் அருகே வந்து குந்தினான்.

"இபு" என்று மூத்தவளுக்குரிய மரியாதையோடு கூப்பிட்டான். "நீங்க சொன்னதை நான் நம்புறேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"நாளைக்கு அவர்தானே நமக்கு மார்க் போடப் போறாரு." அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "அதுவுமில்லாம, மனுஷர் திருந்திட்டாருல்ல. நல்லதுதானே சொல்லித் தர்றாரு?"

"திருந்தினவருக்கு என்ன பண்ணினோம்னு ஞாபகம் இருக்கணும், தம்பி."

அவன் தன் பொட்டலத்திலிருந்த தெம்பே என்ற சோயா வறுவலை அவளுக்கு எடுத்து வைத்துவிட்டுப் போனான். அவனால் முடிந்தது அவ்வளவுதான் போலும்.

மறுநாள் செய்முறைத் தேர்வில் வினார்னி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கால் வைப்புச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சிறுமி கணுக்காலைத் தடவியதைப் பார்த்ததும் உட்கார வைத்தாள். குனார்சோ அவளுக்கே எல்லாரையும்விட அதிக மதிப்பெண் போட்டார்.

முகாம் முடிவில் பேசினார்: "நேத்து என் மாணவி என் முகத்துக்கு நேரா என்னைக் குறை சொன்னா. நான் கோபப்பட்டேனா? கேட்டுக்கிட்டேன். பயிற்சியாளருக்கு வேண்டிய மனசு இதுதான். அப்படிப் பேசுற தைரியத்தை அவளுக்குக் கொடுத்ததும் இந்தக் கோர்ட்தான்." கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவளைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் அவர் காருக்காகக் காத்திருந்தார். வினார்னி நேரே போய் நின்றாள்.

"நிஜமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா, பாக்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எத்தனை பிள்ளைங்க என் கையில வளர்ந்திருக்கு, நார்னி. ஜெயிச்சவங்க எல்லாரையும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு அவள் தோளில் தட்டி, "அடுத்த முகாம் சோலோ நகரத்துல. நீயும் வந்து பேசு. உன் கதைக்கு ஒரு கனம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அம்பராவா போகும் வேனில் செல்போன் ஓயாமல் அதிர்ந்தது. குனார்சோ முகாம் முடிவில் பேசியதை யாரோ படம் பிடித்துப் பரப்பிவிட்டிருந்தார்கள். அவளுடைய மாணவர்களின் பெற்றோர் குழுவுக்கும் வந்துவிட்டது. கைகூப்பும் படங்கள், பூக்கள். 'இப்படிப்பட்ட பெரிய மனுஷர்கிட்ட பழகினதாலதான் இபு எங்க பிள்ளைங்கள இவ்வளவு பத்திரமா பாத்துக்கறீங்க' என்று ஒரு தாய் எழுதியிருந்தாள்.

வினார்னி நீளமாக ஒரு பதில் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். வேன் உங்காரானில் நின்றபோது அதையும் அழித்துவிட்டு, 'நாளைக்கு வழக்கம்போல வகுப்பு உண்டு' என்று மட்டும் அனுப்பினாள்.